ஒரு தகடும் ஒரு தெலுங்குச் சொல்லும்

திருப்பதியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளாக இருக்கிறேன். ஊர் குடிபாலா. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கூச்சத்தால் யாரிடமும் எதையும் கேட்க மாட்டேன். திருநெல்வேலியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த பெண் நான் கேட்காமலே சொல்லித் தந்தாள். பல்லேடியம் என்ற உலோகமும் வெள்ளியும் கலந்து செய்த தகடு அவளுடையது, காகிதத்தைவிட மெல்லியது. சூடான குழாய்க்குள் வைத்தால், கலந்து வரும் வாயுக்களில் ஹைட்ரஜனை மட்டும் ஊடுருவ விடும்.

“மத்ததெல்லாம் வெளியதாண்ணே.”

சிலிண்டர் வண்டி ஓட்டும் சித்தூர்க்காரர் சிரித்தார். “ஸ்பெஷல் தரிசனம் அதுக்கு மட்டுந்தான்னு சொல்லு.”

ஆனால் ஹைட்ரஜன் உள்ளே இருக்கும்போதே ஆறினால் தகடு உப்பிக் கிழிந்துவிடும். ஆறவிடுவதற்கு முன் நைட்ரஜனை விட்டு ஹைட்ரஜனை விரட்ட வேண்டும். முதல் தகடு அப்படித்தான் போனது. மிச்சம் ஒன்றுதான். அதுவும் போனால் இன்னொன்று செய்ய உலோகம் இல்லை. அவள் ஆராய்ச்சி பாதியில் நின்றுவிடும்.

ஒரு காலையில் அவள் உள்ளே தகட்டைச் சோதித்துக்கொண்டிருந்தாள். வெளியே கொட்டகையில் நானும் வண்டிக்காரரும் தீர்ந்துபோன நைட்ரஜன் சிலிண்டரை மாற்றிக்கொண்டிருந்தோம். சங்கிலி சிக்கிக்கொண்டது. அவசரத்தில் அவர் தெலுங்குக்குத் தாவி, “தீய்! தீய்!” என்று கத்தினார். கழட்டு என்று பொருள்.

அவளுக்குத் தெலுங்கு தெரியாது. ஹைட்ரஜன் பகலில் எரிந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டு ஓடிவந்தாள். குழாயைச் சூடாக்கும் உலை அணைந்தது.

“எங்கண்ணே தீ?”

“தீ இல்லம்மா. சங்கிலியக் கழட்டச் சொன்னாரு. தெலுங்குல அப்டிதான் சொல்வாங்க.”

“நான் நெருப்புன்னா கத்திக்கினு இருந்தேன்?” என்று வண்டிக்காரர் விழித்தார்.

அவள் முகம் வெளுத்தது. “ஐயோ, குழாய்க்குள்ள ஹைட்ரஜன் நிக்குல்லா! ஆறிட்டுன்னா தகடு போச்சே!”

புது சிலிண்டர் இன்னும் வண்டியிலேயே இருந்தது. நானும் வண்டிக்காரரும் இறக்கி உருட்டி வந்தோம். வாயுக் குழாயை மாட்டப் போனால் மரை பிடிக்கவில்லை. அவசரத்தில் கோணலாகவே திருப்பிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போய்ச் சூட்டை அளந்து, ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

“இன்னும் சூடு இருக்குண்ணே. பதறாதீங்க. நேரா வச்சுத் திருப்புங்க.”

மரை பிடித்தது. திறந்தேன்.

தகடு தப்பியதா என்பது மறுநாள் சோதனையில்தான் தெரியும். ஒரு பக்கம் நைட்ரஜனை அழுத்துவார்கள். தகடு கிழிந்திருந்தால் மறுபக்கத்து அழுத்தமானியில் முள் நகரும்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். “என்னால பாக்க முடியல. நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே.”

பார்த்தேன். முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

“நிக்குதும்மா.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்துக்கினேதாம்மா இருக்கேன்.”

தன் உழைப்பெல்லாம் போகவிருந்த நேரத்தில் என்னைப் பதறாதே என்று சொன்னவள் அவள். அந்த நன்றியை அன்றும் வாய்திறந்து சொல்ல வரவில்லை. அவள் மெல்ல வந்து எட்டிப் பார்த்தாள். அசையாத அந்த முள்ளை இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.