அவள் சொன்ன பறவைகள்

என் கண்பார்வை முழுதாகப் போய் மூன்று மாதமானபோது, மனைவி என்னை வாவியோரத்துக் கண்டல் காட்டுக்குக் கூட்டிப் போனாள். அங்குள்ள நடைபாதை சதுப்பை ஒரு சுற்றுச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து பறவை பார்க்க நான் தனியே நடந்த பாதை அது.

என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தாள்.

"அந்தப் பட்ட மரத்தில கூழைக்கடா அஞ்சாறு இருக்கு. நீர்க்காகம் ஒண்டு செட்டையைக் காயப்போடுது."

எனக்கு ஒரு பறவையின் சத்தமும் கேட்கவில்லை. காதும் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன்.

பாதி வழியில், வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டார். என் கண் போனது அவருக்குத் தெரியாது.

"என்ன அண்ணன், கனநாளாக் காணல்ல. இனி வந்தும் பாக்க ஒண்டுமில்ல. அங்கால மண் போட்டு நிரப்பின பிறகு ஒரு கொக்கும் வரல்ல."

அவரைக் கடந்து வந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

"ஏன் அப்பிடிச் சொன்ன நீ?"

"வேற என்னத்தைச் சொல்ல?"

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் காணாவிட்டாலும் அவை அங்கே இருக்கின்றன என்ற நினைப்பில்தான் அந்த மூன்று மாதமும் காலையில் எழுந்திருந்தேன். இனி எதற்காக எழும்புவது என்று தெரியவில்லை.

மீதிப் பாதையில், வேர் குறுக்கிட்ட இடங்களில் மட்டும், "காலைத் தூக்குங்க" என்றாள்.