என் மூக்கை நம்பியவர்கள்

எங்கள் பெயிண்ட் கம்பெனியில் கலவைத் தொட்டியை டொலுயீன் ஊற்றிக் கழுவுவோம். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். பெயிண்டைக் கரைக்கும், திறந்து வைத்தால் ஆவியாகிவிடும். கழுவியபின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்ட ஓர் ஆள் உள்ளே இறங்க வேண்டும். ஆவி போய்விட்டதா என்று பார்க்க மீட்டர் உண்டு. அது ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. சாவி தேடி, கையெழுத்துப் போட்டு எடுத்துவர யாருக்கும் பொறுமை இல்லை. ஷிப்டில் மூத்தவர் குனிந்து மோந்து பார்த்துச் சொல்வார். நான் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. கடைசி ஏழெட்டு வருடமாக அந்த மூக்கு என்னுடையது.

"அண்ணே, மோந்து பாருங்க."

"ஒண்ணும் இல்ல, எறங்கு."

பொங்கலுக்கு நான் கதவுக்கு அடித்த பச்சை பெயிண்ட் குளியலறைத் தரையில் சொட்டியிருந்தது. துடைக்க அரை லிட்டர் டொலுயீன் கொண்டுவந்திருந்தேன். எல்லோரும் கொண்டுபோவதுதான். ஞாயிறு காலை மகள் தானே துடைப்பதாகச் சொன்னாள். காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நெருப்புப் பக்கம் ஆவி வரக் கூடாது என்று, "கதவ சாத்திக்கோம்மா" என்றேன். அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து, "தல சுத்துது நைனா" என்றாள்.

கதவைத் திறந்து மோந்து பார்த்தேன். "ஒண்ணும் இல்லயே. இன்னும் ரெண்டு சொட்டு தானே, முடிச்சிடு." மறுபடி சாத்தினேன்.

பொன்னேரி மார்க்கெட்டிலிருந்து வந்த மனைவி தெருக் கதவருகிலேயே நின்றுவிட்டாள். "இன்னாங்க இது, ஊடே நாறுது! மூக்குல இன்னா வெச்சிக்கினு இருக்கீங்க?"

அப்போதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

குளியலறைக் கதவைத் திறந்தோம். மகள் சுவரில் சாய்ந்து சரிந்து கிடந்தாள். கையில் துணி. உதடு வெளுத்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, இருவருமாக வெளியே தூக்கிவந்து போட்டோம். ஆஸ்பத்திரியில், "வாசனை பலமா இருந்துச்சா?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். மனைவி பதில் சொன்னாள். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் மகள் தலைவலி என்று படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் வேலைக்குப் போனேன். தொட்டி கழுவி முடித்திருந்தார்கள்.

"வாங்கண்ணே, மோந்து பாருங்க."

குனிந்தேன். ஒன்றும் இல்லை. "மீட்டர எடுத்துனு வா" என்றேன்.

"இன்னாண்ணே, உங்க மூக்குக்கு மேலயா மீட்டரு?" சிரித்தார்கள். மீட்டரைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கியதும் அது கத்தத் தொடங்கியது. வெளியே இழுக்கும்வரை நிற்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அன்று யாரையும் இறங்க விடவில்லை.

வீட்டில் சொன்னேன். மகள் எழுந்து உட்கார்ந்தாள். "அப்போ இவ்ளோ நாளா எறங்குனவங்க நைனா?"

எங்கள் ஷிப்டில் ஒருவர், ஆரணியிலிருந்து வருபவர், இறங்கி ஏறும்போதெல்லாம் தலையைப் பிடித்துக்கொள்வார். ஒரு டீ குடிங்க, சரியாயிடும் என்பேன். மறுநாள் அவரிடம் தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அது இருக்குதுண்ணே. ஊட்டுக்குப் போனாலும் இருக்குது. நீங்கதான் ஒண்ணும் இல்லன்னீங்களே."