அக்காவுக்கு நான் போடாத ஓட்டு

சில வருடங்களுக்கு முன், மெல்போர்னின் டார்னெய்ட் புறநகரில் நாங்கள் வீடு வாங்கியிருந்த சமயம். தமிழ்நாட்டில் எங்கள் ஊருக்கு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அரசியல் சட்டத்தையே திருத்திப் பெண்களுக்கு இடம் ஒதுக்கினார்கள் அல்லவா, அந்தச் சுழற்சியில் பஞ்சாயத்துத் தலைவர் பதவி இம்முறை பெண்களுக்கு. என் அக்கா நின்றாள். மேலத்தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போட்டே தீருவது என்பது அவளுடைய பல வருட வீம்பு.

நான் சும்மா இருப்பேனா? வேலைக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்தபடி போனிலேயே பிரசாரம். என் பெயரே மறந்துபோன பள்ளித் தோழனைக்கூட விடவில்லை. "ஓட்டுப் போட நானே வர்றேன்" என்று சவடால் வேறு.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அங்கிள் வேலியோரம் நின்று சிரித்தார்.

"தம்பி, நீர் இஞ்ச பிரஜாவுரிமை எடுத்தனீர் எல்லோ? பிறகு அங்க என்ன வோட்டு?"

"ஆயுசுக்கும் செல்லுற இந்திய அட்டை வச்சிருக்கேனே அங்கிள்!"

"ஓம், அதில போய் வரலாம். வோட்டுப் போடேலாது."

விசாரித்தால், அவர் சொன்னதுதான் சரி. குடியுரிமை விழாவில் கங்காரு பொம்மையைக் கட்டிக்கொண்டு பல்லிளித்த புத்திசாலிக்கு அது தோன்றவே இல்லை. அக்காவிடம் சொன்னேன். "போடா வெள்ளைக்காரா" என்று போனை வைத்துவிட்டாள்.

வாக்கு எண்ணிக்கை அன்று மையத்தின் வாசலிலிருந்து அத்தான் கூப்பிட்டார்.

"ரெண்டு பேருக்கும் சமம்டா. திரும்ப எண்ணியும் சமம். குலுக்கல் போடப் போறாங்க."

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போனில் வெடிச் சத்தம். அது எதிர்க் கோஷ்டியின் வெடி.

அக்கா போனை வாங்கினாள்.

"அக்கா, எனக்கு மட்டும் அங்க ஓட்டு இருந்திருந்தா..."

"இருந்திருந்தா நீ எனக்குத்தான் போட்டிருப்பேன்னு என்ன நிச்சயம்? நாட்டையே மாத்தினவன்தானே நீ!" என்று சிரித்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "மேலத்தெருவுல எல்லாரும் நம்பிப் போட்டாங்கடா."

இங்கே கவுன்சில் தேர்தலுக்கு ஓட்டுச் சீட்டு தபாலில் வீடு தேடி வருகிறது, போடாவிட்டால் அபராதம். அவ்வளவு மரியாதை என் ஓட்டுக்கு! முகம் தெரியாத வேட்பாளர்களுக்கு ஒழுங்காக 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போட்டு அனுப்பிவிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும், ஊரில் தலைவர் பதவிக்குத் தரும் அந்த இளஞ்சிவப்புச் சீட்டில் அக்காவின் சின்னத்தின் மேல் ஒரே ஒரு முத்திரை குத்தத்தான் கை ஏங்குகிறது.