மேட்சிங் சார் கட்டிவிட்ட டை

கடையில் எல்லோரும் அவரை மேட்சிங் சார் என்று கூப்பிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

நான்கு மாடித் துணிக்கடையின் இரண்டாவது மாடியில், லிஃப்டுக்கும் கோட்டுப் பிரிவுக்கும் நடுவே ஒன்பதடி நீளக் கண்ணாடி மேசை ஒன்று இருந்தது. அதன் பின்னால் அவர் இருபத்திரண்டு ஆண்டு ஏழு மாதம் நின்றிருந்தார். தலைக்கு மேலே நான்கு மஞ்சள் விளக்குகள். அருகில் ஜன்னல் கிடையாது. மேசைக்குள் டைகள், பக்கத்து இழுப்பறைகளில், கோட்டின் நெஞ்சுப் பையில் நுனி தெரியச் செருகும் சதுரக் கைக்குட்டைகள். இவற்றைத் தவிர உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவுமில்லை என்பது அவர் எண்ணம். இவற்றையும் அவர் பாதிதான் தெரிந்துவைத்திருந்தார்.

பதினான்கு விதிகள் வைத்திருந்தார். டை சட்டையைவிடக் கருத்திருக்க வேண்டும். சட்டையில் கோடு பட்டையாக இருந்தால் டையில் மெலிந்திருக்க வேண்டும்; இரண்டும் ஒரே அளவில் வந்தால் எதிரில் நிற்பவனுக்குத் தலை சுற்றும். கைக்குட்டை டையின் துணியிலேயே வரக் கூடாது. டையில் ஒளிந்திருக்கும் சின்ன நிறம் ஒன்றை ஓரத்தில் காட்டினால் போதும். விதிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவற்றை வைத்துக்கொண்டு அவர் ஆடிய ஆட்டம்தான் சகிக்காது. டையும் கைக்குட்டையும் ஒரே துணியில் தைத்துப் பெட்டியில் வைத்த ஜோடியை யாராவது கேட்டுவிட்டால், "ஸ்கூல் யூனிஃபார்ம் கீழ் மாடியில சார்" என்பார்.

"இன்டர்வியூவுக்குப் போறேன், ஏதாவது ஒரு டை குடுங்க" என்று ஒருவர் வந்தார்.

"ஏதாவதுன்னா கயிறு இருக்கு. கட்டிக்கிறீங்களா?"

அந்த மனிதர் சிரிப்பதா போவதா என்று தெரியாமல் நின்றார். பிறகு, எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு வேலை கிடைத்ததா என்பது தெரியாது.

மேட்சிங் சாருக்கு எல்லோரையும்விட ஆகாதவர்கள், டையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க ஆசைப்பட்டவர்கள். "என் கண்ணுக்கு மேல சூரியனா சார்?" என்று கேட்டு உட்காரவைத்துவிடுவார். அதே மேசையில் வேலை பார்த்தவர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. பதினொரு ஆண்டுக்கு முன்னால் அவரே சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட ஆள். மச்சான் மட்டும் எந்த வாடிக்கையாளர் வந்தாலும் இரண்டு மாடி இறங்கி வாசல்வரை போய்க் காட்டிவிட்டு வருவார்.

"டைக்குக் காத்து வாங்கிட்டு வந்துட்டியா மச்சான்?"

"ஆமா அத்தான். உள்ள ரொம்பப் புழுக்கம்னு சொல்லுச்சு."

பிரிவுப் பொறுப்பாளராக இருந்த பெரியவர் அந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெறுவதாக இருந்தார். அந்த நாற்காலியின் மேல் மேட்சிங் சாருக்கு ஏழு ஆண்டாக ஒரு கண். மனைவியிடம், தனக்கே கிடைத்துவிட்டதாகச் சொல்லியும் வைத்திருந்தார். அந்த அம்மாள் அதைப் பக்கத்து வீட்டிலும், எதிர் வீட்டிலும், தையல்கடையிலும் சொல்லியிருந்தார். ஆனால் முதலாளி இன்னும் வாயைத் திறக்கவில்லை. பதினேழாம் தேதி அவரே மேசைக்கு வந்தார்.

"புதுக் கிளை திறக்கறோம்யா. நாளைக்குப் பத்து மணிக்கு அங்க வாசல்ல வச்சு போட்டோ. பேப்பர்ல வரும், போர்டுலயும் வரும். எனக்கு டையும் கர்ச்சீப்பும் நீ எடுத்துக் குடு. நல்லா அமைஞ்சா பெரியவர் நாற்காலி உனக்கு. என்ன சொல்ற?"

"நாற்காலியைத் துடைச்சு வைக்கச் சொல்லுங்க முதலாளி" என்றார் மேட்சிங் சார்.

கருநீலக் கோட்டு, மெல்லிய நீலக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை. இரண்டும் முதலாளியே கொண்டுவந்தவை. மேட்சிங் சார் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். இருபத்தாறு டைகளை மேசையில் பரப்பி, முதலாளியின் கழுத்தில் ஒவ்வொன்றாக வைத்து, உதட்டைப் பிதுக்கி, எடுத்துப் போட்டார். கடைசியில் ஒரு கருநீல டை. அதில் கடுகளவு சிவப்புப் புள்ளிகள். அதற்குச் சந்தன நிறக் கைக்குட்டை. ஓரத்தில் அதே சிவப்பு. கண்ணாடியில் பார்த்தபோது முதலாளிக்கே தன்மேல் மரியாதை வந்தது.

"ஒரு தடவை வாசல்ல பாத்துடலாமா அத்தான்?" என்றார் மச்சான்.

"நீ போய்ப் பாரு. அப்படியே பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடு."

மறுநாள் காலை மேசையில் வைத்தே டையைக் கட்டிவிட்டு, கீழ்த்தளத்தில் நின்ற கறுப்புக் கண்ணாடிக் காரில் மேட்சிங் சாரும் மச்சானும் முதலாளியோடு புதுக் கிளைக்குப் போனார்கள். அங்கே வாசலில் நல்ல வெயில். முதலாளி காரிலிருந்து இறங்கி இரண்டு எட்டு வைத்தார். புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கியவர் அப்படியே இறக்கினார்.

கருநீலம் என்று கட்டிவிட்ட டை பளிச்சென்ற கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. கைக்குட்டையின் ஓரம் செங்கல் நிறம். நீலக் கோட்டின் மேல் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து முறைத்துக்கொண்டு நின்றன.

முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என்னங்க, நெஞ்சுல யாரோ சாந்து பூசி விட்டுட்டாங்க!" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எங்க அண்ணனும் நம்ம கடையிலதான் நீல டைன்னு வாங்கிட்டு வந்தார். அதுவும் இதே கலர்தான். அவருக்குத்தான் கண்ணு சரியில்லன்னு நாங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம்."

இதைக் கேட்டபோது மேட்சிங் சாரின் முகத்தில் நல்லறிவு எட்டிப்பார்த்திருக்க வேண்டும். தினமும் காலை பேருந்தில் நின்றுகொண்டு, எதிரில் வருகிற ஒவ்வொருவன் கழுத்தையும் பார்த்து, 'இதைக் கட்டிவிட்டவன் குருடனா' என்று முணுமுணுப்பது அவர் வழக்கம். அவர்களில் எத்தனை பேர் அவருடைய மேசையிலிருந்தே புறப்பட்டவர்கள் என்று அப்போதாவது யோசித்திருக்கலாம். அவர் யோசிக்கவில்லை. புகைப்படக்காரர் சரியான இடத்தில் நிற்கவில்லை என்று நினைத்தார்.

மச்சான் அதற்குள் தன் கழுத்திலிருந்த நீல டையைக் கழற்றி முதலாளிக்குக் கட்டிவிட்டார். தன் பையிலிருந்த வெள்ளைக் கைக்குட்டையை நீளவாக்கில் மடித்து, அரை அங்குலம் தெரியச் செருகினார். நாலே நிமிடம். படம் நன்றாக வந்தது.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. படம் எடுத்து முடிந்ததும் உள்ளே, இன்னும் பெயின்ட் வாசம் போகாத அறையில் மேட்சிங் சாரை உட்காரவைத்தார். மச்சான் கதவோரம் நின்றார்.

"இருபது வருஷத்துக்கு மேல உழைச்சிருக்க. ஒரு போட்டோவுக்காக உன்னை விட்டுட முடியாது. மஞ்ச லைட்ல தப்பாப் பாத்துட்டேன், இனிமே வாசல்ல வச்சுப் பாக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நாற்காலி உனக்குத்தான்."

மேட்சிங் சார் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்திருக்கலாம்.

"சொல்லுங்க அத்தான்" என்றார் மச்சான் மெதுவாக. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அதோடு காரியம் கெட்டது. மச்சான் எடுத்துக்கொடுத்துத் தான் பேசுவதா? மேட்சிங் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் எடுத்தது சரியாத்தான் இருந்துச்சு முதலாளி. அந்த டைக்கு வெயில் ஒத்துக்கல. உங்களை வெயில்ல நிக்கச் சொன்னது நான் இல்லையே."

முதலாளி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"அப்ப நீ வீட்டை விட்டு வெளிய வராத ஆளாப் பாத்துத்தான் டை விக்கணும்யா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

இருபத்தெட்டாம் தேதி மச்சானுக்குப் பொறுப்பாளர் உத்தரவு வந்தது. வீட்டில் செய்தி மேட்சிங் சாருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

"ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிச்சுதா உங்களுக்கு?" என்றார் மனைவி. "எதிர் வீட்ல நான் என்ன சொல்லுவேன்?"

"உன் தம்பிக்குத்தானே கிடைச்சிருக்கு. அதைச் சொல்லு."

"சொல்லத்தான் போறேன். அவனுக்குக் கிடைச்சதாவது கடைக்கு நல்லது."

அதன் பிறகு மேட்சிங் சார் அந்தக் கடையில் ஒன்பது ஆண்டு இரண்டு மாதம் இருந்தார். விடுப்பு வேண்டுமென்றால் பிரிவுப் பொறுப்பாளருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது கடை விதி. மச்சானுக்கு 'மதிப்பிற்குரிய' என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. அதனால் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்த வியாழக்கிழமையும் வந்தார்; மருத்துவமனையில் அக்காவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவர் மச்சான்தான். கடைசி ஆண்டு, விடுப்பே எடுக்காத ஊழியர் என்று அவரை மேடையில் ஏற்றி ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டார்.