மைக்கை அணைக்க மறந்த அக்கா

என்னை யாரும் தெளிவாகப் படம் எடுத்ததில்லை. பள்ளிக்கூடத்துக் குழுப்படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்கும் புகைமூட்டம் நான்தான். அக்கா கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் நாலு கையோடு ஒருவன் நிற்பான், அவனும் நான்தான். பிறக்கும்போதே மூளையில் பட்ட சின்ன சேதம். அன்றிலிருந்து கை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்று உடம்பு தன் இஷ்டத்துக்குத் திரிகிறது. கண்டுகொள்ளாமல் விட்டால் கொஞ்சம் அடங்கும். "ஆடாதே" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, அங்கேயே திருவிழா தொடங்கிவிடும். ஐம்பதை நெருங்கிவிட்டேன். இந்த ஆட்டத்தோடுதான் காரைக்குடி செக்காலையில் ஆட்டோ ஏறுகிறேன், பாதி டீயைக் குடிக்கிறேன், மீதியைச் சட்டைக்குக் கொடுக்கிறேன், ஒற்றை விரலால் போனில் தட்டித் தட்டி எழுதுகிறேன்.

பேச்சும் அப்படித்தான். தொண்டையில் ஒழுங்காகப் புறப்படும் வார்த்தை உதட்டுக்கு வருவதற்குள் வழி தவறிவிடும். அது புரிகிற ஆட்கள் உலகத்தில் நாலு பேர்: அக்கா, அத்தான், டீக்கடைக்காரர், வழக்கமாக வரும் ஆட்டோக்காரர். நாலு பேர் போதும். ஊரே புரிந்துகொள்கிற பேச்சை வைத்திருப்பவர்கள் அதை வைத்து என்ன பேசுகிறார்கள் என்று தினமும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்.

போன வருடம் குரல் கம்மியது. ஒரு மாதமாகியும் தெளியவில்லை. டீக்கடைக்காரர்தான் முதலில் சொன்னார்: "அண்ணே, தப்பா நெனைக்காதீக. முன்னல்லாம் நீங்க சொல்றது எனக்கு வெளங்கும். இப்ப வெளங்க மாட்டேங்குது." நாலு மூன்றாகிவிட்டதே என்ற பதற்றத்தில்தான் மதுரைக்குப் போனேன்.

குரல்வளையில் கட்டி. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம் என்றார் டாக்டர். கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தால் குரல் தங்கும். அது முடியாவிட்டால் ஆபரேஷன். குரல் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது. மற்றவர்களுக்குப் பாதி போனால் பாதி மிஞ்சும். என்னிடம் இருந்ததே பாதி. கரண்டே வையுங்கள் என்றேன். அக்கா மொழிபெயர்த்தாள். டாக்டர் என் கையைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார்.

"சார் ஆடாம படுத்திருக்கணுமே" என்றார்.

வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டை வெந்நீரில் முக்கி, இளகியதும் முகத்தில் படியவைத்து முகமூடி செய்தார்கள். அதை மேசையோடு சேர்த்து மாட்டிவிட்டால் தலை நகராது. ஆனால் தோள் நகருமே! தோள் இழுத்தால் கழுத்தும் கூடவே போகும். கரண்ட் விழ வேண்டிய இடமோ கடலையளவு. எல்லோரும் வெளியே போய்க் கனத்த கதவு மூடியதும், வெளியே டிவியில் என்னைப் பார்த்தபடி மிஷினை இயக்கும் பெண்ணின் குரல் மைக்கில் வந்தது: "சார், அசையாம இருங்க." திருவிழா தொடங்கியது. நிறுத்தினார்கள். மறுநாள் பாட்டுப் போட்டார்கள். தாளம் தப்பாமல் ஆடினேன். அதற்கடுத்த நாள் மாத்திரை கொடுத்தார்கள். மேசையில் விழித்துக் கிடந்துவிட்டு, திரும்பும் வழியில் மேலூரிலிருந்து காரைக்குடி வரை காரில் குறட்டை விட்டேன். தினமும் மயக்க ஊசி போட இவர் மூச்சு தாங்காது என்றார் டாக்டர். "வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம். அப்புறம் ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருவோம்."

வியாழக்கிழமை காலை காரில் போகும்போது அக்கா திடீரென்று கேட்டாள்.

"ஏன்டா, ஆதார் அட்டையில மட்டும் உன் மூஞ்சி எப்படித் தெளிவா விழுந்துச்சு?"

யோசித்தேன். ஆதார் எடுத்த அன்று வரிசையில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள், இரவல் கொடுத்த இட்லிக் குண்டானைப் பற்றிக் குசுகுசுவென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குண்டான் கடைசியில் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகக் காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் கேமரா வேலையை முடித்துவிட்டது.

"ஒட்டுக் கேட்டியா?" என்றாள் அக்கா. "வெக்கங்கெட்ட பயலே."

ஆனால் அவள் முகத்தில் ஏதோ ஓடியது. ஆஸ்பத்திரியில் இறங்கியதும், "நானும் மைக்குப் பக்கத்துல உக்காந்துக்கிறேன் பாப்பா, நான் பேசினா அடங்குவான்" என்று மிஷினை இயக்கும் பெண்ணிடம் கெஞ்சி அவள் அறையில் இடம் பிடித்துவிட்டாள்.

முதலில் எல்லாம் சொதப்பல்தான். "தம்பி, அக்கா இங்குட்டுத்தான் இருக்கேன். சாமியை நெனைச்சுக்க. ஆடாதடா." மேசையே கிடுகிடுத்தது. கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு அக்கா வெறுத்துப்போனாள். மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். அணைக்கவில்லை.

"நீ எந்த ஊரு பாப்பா?"

"கானாடுகாத்தான் பக்கம்க்கா."

"அட, நம்ம பக்கம்! கல்யாணம் ஆயிருச்சா?"

"பேசிட்டு இருக்காகக்கா. மாப்பிள்ளை சிங்கப்பூரு. வேலையை விட்ருன்னு சொல்றாக."

"விட்டுட்டு?"

"அங்குட்டுப் போயி அவுகளுக்குச் சமைச்சுப் போடணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

இந்த இடத்தில் பட்டன்களைத் தட்டும் சத்தம்தான் வந்தது. முகமூடிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். என்ன சொல்லியிருப்பாள்? மாப்பிள்ளை என்ன நினைப்பான்? தலைக்கு மேல் மிஷின் ஏதோ ரீங்கரித்தபடி சுற்றியது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு "அக்கா, அக்கா, டிவியைப் பாருங்களேன்!" என்று அவள் கத்துவது கேட்டது. கதவு திறந்து இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். முகமூடியைக் கழற்றினார்கள்.

"முடிஞ்சிருச்சு சார்! அசையவே இல்ல நீங்க!"

நான் ஏதோ சொன்னேன். அவள் அக்காவைப் பார்த்தாள்.

"அப்புறம் நீ என்ன சொன்னேன்னு கேக்கிறான்" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு ஆறு வாரம், ஞாயிறு தவிர, கதை ஓடியது. டாக்டரே வந்து மைக் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். சின்னச் சிக்கல்களும் இருந்தன. ஒருநாள் அக்கா, "மாப்பிள்ளைக்குக் கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? என் தம்பியே இந்தக் கையை வச்சுக்கிட்டு ரசம் வைப்பான். பாதி அடுப்புக்கு, பாதி நமக்கு" என்றாள். சிரித்துவிட்டேன். கரண்டை நிறுத்திவிட்டார்கள்.

"அக்கா, சிரிக்க வைக்காதீக."

"அப்ப அழுக வைக்கவா?"

"ஒண்ணும் வேணாம். கேள்வி மட்டும் கேளுங்க."

மூன்றாவது வாரத்தில் நான் 'சார்' என்பதிலிருந்து 'அண்ணே' ஆனேன். நாலாவது வாரம் தொண்டை புண்ணாகிக் கஞ்சியும் மோருமே கதியாயின. ஐந்தாவதில் வீட்டில் யாரோ வெள்ளைப் பணியாரம் சுட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்ப் படுத்தேன். ஆறாவதில் குரல் சுத்தமாக நின்றது; இது எதிர்பார்த்ததுதான், திரும்பி வரும் என்றார் டாக்டர். திரும்பி வருமா என்று அவரை மறுபடி கேட்கக்கூடக் குரல் இல்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மிஷின் சுற்றிக்கொண்டிருக்கிறது. "ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளையோட அம்மா வாராகக்கா. அன்னிக்கு முடிவாச் சொல்லிருவேன்" என்கிறாள். கரண்ட் முடிந்துவிட்டது. கதவு திறந்துவிட்டது. இறங்கலாம் என்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

வீட்டுக்கு வந்தபின் போனில் எழுதிக் கேட்டிருக்கலாம். அக்காவுக்கும் அவளுக்கும் தினமும் பேச்சு வேறு. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு திரிந்தாள். சொல்லவே கூடாது என்று அவளுக்கு எழுதிக் காட்டினேன். தண்ணீர் வேண்டும், மாத்திரை கசக்கிறது, ஃபேனைக் கூட்டு, எல்லாவற்றையும் ஒற்றை விரலால் தட்டினேன். அந்த ஒரு கேள்வியை மட்டும் குரலுக்கு என்று எடுத்து வைத்திருந்தேன்.

ஒரு காலையில், கரகரவென்று, தகரத்தை இழுக்கிற மாதிரி ஏதோ வந்தது. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இருடா, காபிதான் போடுறேன்" என்றாள். காபிதான் கேட்டிருந்தேன்.

அடுத்த பரிசோதனையில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், இடம் சுத்தமாக இருக்கிறது, இனி மாதாமாதம் வந்து காட்டினால் போதும் என்றார். அக்கா மருந்து வாங்க வரிசையில் நின்றாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கரண்ட் வைக்கும் அறை இருக்கும் தாழ்வாரத்துக்குப் போனேன். அந்தப் பெண் கையில் ஃபைலோடு எதிரே வந்தாள். மொழிபெயர்க்கப் பக்கத்தில் யாரும் இல்லை.

கேட்டேன். வார்த்தைகள் வழக்கம்போல வழி தவறி, புதுக் கரகரப்போடு அங்குட்டும் இங்குட்டும் போய் முட்டின.

அவள் என்னவென்று திருப்பிக் கேட்கவில்லை. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சொல்றேன்ணே. மொதல்ல ஆடாம நில்லுங்க."