வெள்ளிக்கிழமை லொறி

கலஹா பஸ் நிலையத்துக்கு எதிரே வெள்ளைத் துணி ஒன்று கட்டியிருந்தது. எனக்கு இப்போது எழுத்துத் தெரியும். கோயில் மண்டபத்தில் மாலை வகுப்புக்குப் போய், தலை முழுக்க நரைத்த பிறகு கற்றுக்கொண்டேன். அதனால் எங்கே எழுத்தைக் கண்டாலும் நின்றுவிடுவேன். பஸ் போனால் போகட்டும். அன்றும் சந்தோஷமாகத்தான் நின்றேன். முதலில் ‘ஆழ்ந்த’ வந்தது. பிறகு ‘அனுதாபங்கள்’. நீளமான சொல், அதை முடித்ததில் ஒரு பெருமை. அடுத்த வரியில் ‘ம’. அதன் பக்கத்தில் மூன்று புள்ளிகள். வகுப்பில் சொல்லித் தந்த எழுத்துத்தான், வெளியில் அதுவரை நான் கண்டதில்லை. விரலால் காற்றில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். மஃரூப். அதற்குமேல் வாசிக்க மனம் வரவில்லை. நானாகவே வாசித்து அறிந்த முதல் சாவு அது.

கலஹாவிலும் தெல்தோட்டைப் பக்கத்திலும் மஃரூப் நானாவை அறியாத வீடு குறைவு. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். கண்டியில் ஒரு தவணைக் கடைக்கு அவர் மாதக் காசு சேர்க்கிறவர். காசு கட்டிய வீட்டில் வெறுந்தேத்தண்ணி குடித்து, பிள்ளைகளை விசாரித்துப் போவார். கட்டாத வீட்டுக்கு அவரோடு லொறி வரும். மலை ரோட்டில் லொறியின் சத்தம் முதலில் கேட்கும், மறையும், அடுத்த வளைவில் இன்னும் கிட்டக் கேட்கும். தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்களின் கைகள் நின்றுவிடும். எந்த லயத்து வரிசை வீடுகள் பக்கம் திரும்புகிறது என்று எல்லாரும் காது கொடுப்பார்கள். அது போன பிறகு பார்த்தால், ஒரு வீட்டுச் சுவரில் அலுமாரி நின்ற இடம் மட்டும் புகை பிடிக்காமல் வெளுப்பாக இருக்கும்.

நான் தோட்டத்தில் ஓய்வு பெற்று, சேமலாபக் காசு கைக்கு வந்த நேரத்தில்தான் என் மனைவி மாரியாயிக்கு இன்சுலின் ஊசி எழுதினார்கள். மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், வெயிலில் கெட்டுப்போன மருந்தைப் போட்டால் போடாதது போலத்தான் என்று பேராதனை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அதனால் ஒரு பிரிட்ஜ் வேண்டும். அதே நேரத்தில் மகன் சிவாவுக்குப் பெண் பேசி முடிந்திருந்தது. சம்பந்தி வீட்டார் வருவதற்குள் உட்காரச் சோபா செட்டியும் டிவியும் வேண்டும். கையில் இருந்த காசு எல்லாவற்றுக்கும் போதாது. ஒன்றைத் தவணைக்கு எடுத்துத்தான் ஆக வேண்டும்.

தவணைக்குக் கொடுக்குமுன் கடையிலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வரும். வந்தவர் மஃரூப் நானா. எதைக் காசுக்கு எடுக்கிறோம், எதைத் தவணைக்கு எடுக்கிறோம் என்று கேட்டார். செட்டியும் டிவியும் காசுக்கு, பிரிட்ஜ் தவணைக்கு என்று சிவா சொன்னான். அவர் பையைத் திறக்காமலே இருந்தார்.

“தம்பி, மாத்திச் செய்யுங்க. எது போனா தாங்க ஏலாதோ, அத முழுச் சல்லியும் குடுத்து எடுங்க. மத்ததத் தவணைக்கு எடுங்க. லொறி வந்து செட்டிய ஏத்தினா வெக்கம் மட்டும்தான். வெக்கம் ரெண்டு மாசத்துல போகும்.”

மாரியாயி சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நல்லா சொன்னீங்க நானா. சம்பந்தி வந்து கடன் கதிரையில உக்காரவா? அவங்க போய் ஊரெல்லாம் சொல்லவா? பிரிட்ஜ் பின்னால நிக்கிறது, அத யாரு பாக்கப்போறா?”

“லொறி பார்க்கும் தங்கச்சி,” என்றார் அவர்.

நாங்கள் சிரித்தோம். எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. வருகிற சம்பந்தியைக் கடன்பட்ட கதிரையில் உட்கார வைக்கக் கூடாது. செட்டியும் டிவியும் காசுக்கு வந்தன. பிரிட்ஜ் தவணைக்கு வந்தது. நான் பெருவிரலை மையில் வைத்து ஊன்றினேன். மாரியாயி பிரிட்ஜுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கல்யாணமும் நன்றாகத்தான் நடந்தது.

மாரி மழை பிடித்து மண்சரிவு ரோட்டை மூடியது. சிவா வேலை செய்த துணிக்கடை ஆட்களைக் குறைத்தது. ஒரு தவணை தவறியது, பிறகு அடுத்ததும். ஒரு வெள்ளிக்கிழமை காலை, லொறிச் சத்தம் எங்கள் லயத்துப் பக்கம் திரும்பியது. மாரியாயி அப்போதுதான் பிரிட்ஜுக்கு முன்னால் சூடம் கொளுத்தியிருந்தாள். அதன் கதவுக்குள் அவளுடைய மருந்து இருந்தது.

அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். “வெள்ளிக்கெழமையும் அதுவுமா வீட்டு லட்சுமிய வெளிய அனுப்பச் சொல்றீங்களா? ஒங்களுக்கு வேற நாளே கெடைக்கலையா நானா?”

“கம்பனிக்கு வெள்ளியும் இல்ல, செவ்வாயும் இல்ல. தள்ளுங்க தங்கச்சி,” என்று மஃரூப் நானா சத்தம் போட்டார். லொறிச் சாரதி ஒரு சிங்கள ஐயா. செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் வரை வந்தவர், உள்ளே சூடம் எரிவதைக் கண்டு அப்படியே திரும்பி லொறியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மஃரூப் நானா மணிக்கூட்டைப் பார்த்தார். “எனக்கும் ஜும்மாத் தொழுகைக்கு நேரமாகுது. அடுத்த கிழம வாரேன். அடுத்த கிழம உட மாட்டேன்.”

அடுத்த வெள்ளியும் வந்தார். அதே சூடம், அதே சண்டை, அதே ஜும்மா. “இந்த மனுசனுக்கு லட்சுமியோட என்னதான் பகையோ,” என்று பக்கத்து வீட்டில் பேசினார்கள். ஒவ்வொரு வியாழன் மாலையும் மாரியாயி மருந்துக் குப்பிகளை எடுத்துப் பார்த்து, தடவி, திரும்ப உள்ளே வைப்பாள். அந்த இடைவெளியில் நாங்கள் செட்டியை விற்றோம், டிவியை விற்றோம். வாங்கிய விலையில் பாதியும் வரவில்லை. ஆனாலும் தவறிய தவணைகள் அடைந்தன. சம்பந்தி அடுத்த முறை வந்தபோது பாயில்தான் உட்கார்ந்தார். முதுகுவலிக்கு நல்லது என்றார்.

கடைசித் தவணை கட்டிய அன்று மஃரூப் நானாவிடம் கேட்டேன். “கெழமையில எத்தனையோ நாள் இருக்கு. நீங்க ஏன் நானா வெள்ளிக்கெழமையாப் பாத்து லொறி கொண்டு வந்தீங்க?”

தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொன்னார். “திங்கக்கெழம வந்தா தங்கச்சி என்ன செல்லி மறிப்பாங்க?” கோப்பையை வைத்துவிட்டு, “லொறி அனுப்பச் செல்றது கம்பனி. நாள் பார்க்கிறது நான்,” என்றார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

இப்போது அவருடைய இடத்துக்கு ஓர் இளைஞர் வந்திருக்கிறார். மோட்டார் சைக்கிளில் வருவார், மரியாதையாகத்தான் பேசுவார். லொறி புதன்கிழமைகளில் வருகிறது. புதன்கிழமைக்கு எங்களிடம் சொல்ல ஒன்றுமில்லை. போன கிழமை மேல் லயத்தில் ஒரு தையல் மெஷினை ஏற்றிப்போனது. அந்த வீட்டுப் பெண் வாசலில் நின்றாள். பிறகு தானே விலகி வழி விட்டாள். இதை எழுதும்போதும் கீழ் வளைவில் ஒரு சத்தம் கேட்கிறது. நான் பென்சிலை நிறுத்திக் காது கொடுக்கிறேன்.

மஃரூப் நானாவை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. குங்குமம் மங்கிய அந்தப் பிரிட்ஜ். அதற்குள் மாரியாயியின் மருந்து இன்றைக்கும் குளிராக இருக்கிறது. மற்றது, தாமதம். தவணைக் கடையிலிருந்து ஆள் வந்தால், விரல் வைக்குமுன் லயத்து ஆட்கள் இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை முதல் எழுத்திலிருந்து கூட்டி வாசிக்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் எனக்கு இனிக்கிறது. “ஐயா, கொஞ்சம் சீக்கிரம்,” என்கிறார் வந்தவர். எனக்குச் சீக்கிரமாக வாசிக்கத் தெரியாது. தெரிந்தாலும் வாசிக்க மாட்டேன். அந்த நேரத்தில் வீட்டுக்காரி சமையல் கட்டுக்கும் வாசலுக்குமாக நடந்து, எது போனால் தாங்க முடியாது என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.