ரோஜா கொடுத்த விபூதி

திண்டிவனத்திலிருந்து மயிலம் பக்கத்து ஊர்களுக்கு ஸ்கூட்டியில் கூரியர் கொண்டுபோகிற ரோஜாவுக்கு, வெயிலைவிட வெயிலுக்கு யோசனை சொல்கிறவர்களைக் கண்டால்தான் எரிச்சல். முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றித் துப்பட்டா, வண்டியில் மோர் பாட்டில் எல்லாம் அவளிடம் உண்டு. மூஞ்சிதான் பாக்கி. மணக்கிறதே என்று வாங்கிய சன்ஸ்கிரீன் கன்னத்தைத் தடிக்க வைத்துவிட்டது. தோல் டாக்டர், "வாசனை இல்லாததா, ஜிங்க் ஆக்சைடு போட்டதா பாத்து வாங்கும்மா" என்றார். நல்ல கிரீம்தான். ஆனால் எவ்வளவு தேய்த்தாலும் அவளுடைய கறுப்பு முகத்தில் வெள்ளை வெள்ளையாக நின்றது.

மயிலம் மலையடிவாரத்தில் பார்சல் வாங்க வந்த ஜெயம் அதைப் பார்த்தாள். மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையில் வேலை செய்கிறவள்.

"சர்ச்சுக்குப் போற பொண்ணு, நம்ம முருகன் விபூதிய இம்மாம் பூசிக்கினு வந்துக்கிறியே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, இது வெயிலுக்குப் போடற கிரீமு!"

"செவப்பாவறதுக்கா?"

"செவப்பாயி நான் என்னா பண்ணப் போறேன்? தோலு வேகாம இருந்தா போதாதா?"

ஜெயம் வெந்து தோலுரிந்த தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இடது கையின் மேல் வலது கையை வைத்துப் பயபக்தியாக நீட்டினாள்.

"எனக்கும் கொஞ்சம் விபூதி குடு. பட்டையா போடணுமா?"

"மூஞ்சி பூரா அப்பு" என்று ரோஜா டியூபைப் பிதுக்கினாள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பூசை, மறந்துடாத!"